என் சகலையின் எழுநூற்று எழுபத்திரண்டு

ஏரல் பஜாரில் என் பாத்திரக்கடை இருக்கும் கட்டடத்தை விற்கப் போவதாக அதன் சொந்தக்காரர் போனில் சொன்ன அன்று, எனக்கு முதலில் கடை நினைவுக்கு வரவில்லை. என் சகலை ஹெப்ரான்தான் நினைவுக்கு வந்தான்.

"இருவது வருசமா வாடகைக்கு இருக்கிய வேதமுத்து. அதனால மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லுதேன். இருபத்திநாலு லட்சம். ரெண்டு மாசம் பொறுப்பேன், அதுக்கு மேல முடியாது" என்றார் அவர்.

சிறுகச் சிறுகச் சேர்த்தது ஒன்பது லட்சம் என் கையில் இருந்தது. மிச்சத்துக்கு வங்கியில்தான் கேட்க வேண்டும். எனக்கு வங்கியில் கடன் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஹெப்ரானுக்குக் கிடைக்கும் என்பதும் தெரியும். கட்டடத்தை அவன் வாங்கிவிடுவான். நான் மாதம் பிறந்ததும் என் பெண்டாட்டியின் தங்கை புருஷனிடம் போய் வாடகைப் பணத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நினைத்ததுமே வயிறு எரிந்தது.

இது அவனுடைய கதைதான். பொறாமை பிடித்தவன் சொல்லும் கதை என்பதை இப்போதே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

ஹெப்ரானுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவர் சம்பளத்தில் பாதி, வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களின் சாப்பாட்டிலேயே கரைந்துவிடும் என்று சொல்வார்கள். இவன் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு வண்டி ஓட்டப் படித்தான். இருபத்துமூன்று வயதில் ஏரலுக்கு வந்து இன்னொருவருடைய லோடு வேனைச் சம்பளத்துக்கு ஓட்டினான். கல்யாண வீடுகளுக்கு என் கடையிலிருந்து போகும் சீர்ப் பாத்திரங்களை அவன்தான் ஏற்றிப் போவான். ஒரு குத்துவிளக்கில்கூட நசுங்கல் விழாது. வாடகையைப் பேரம் பேசவும் மாட்டான். கொடுத்ததை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவான்.

என் மைத்துனி டார்லினுக்கு மாப்பிள்ளை தேடியபோது இவனை மாமனாரிடம் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று ஊரில் நினைத்தார்கள். உண்மை அதில்லை. படித்த, பணக்கார சகலை ஒருவன் வந்து சேர்ந்தால் அந்த வீட்டில் என் மவுசு குறையும். எனக்கு அடங்கின ஒருவன் வந்தால் நல்லது என்று பார்த்தேன். அவ்வளவுதான்.

மவுசு குறையத்தான் செய்தது. அவனுக்குக் கல்யாணம் ஆன முதல் கிறிஸ்துமஸுக்கு மாமியார் இரண்டு வீட்டுக்கும் முந்திரிக்கொத்துப் பலகாரம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இருபத்தைந்து, அவனுக்கு முப்பது. எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது, எண்ணிப் பார்த்தேன்.

இனி கடன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்துப் பதினெட்டில் கிரைண்டர், மிக்சி எல்லாம் வாங்கி வைத்துக் கடையைப் பெரிதாக்க ஆசைப்பட்டேன். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் வங்கியில் நான்கு லட்சம் கொடுப்பதாகச் சொன்னார்கள், ஒரு ஜாமீன் வேண்டும் என்றார்கள். ஹெப்ரான் என் கடை வாசலில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். தாளை நீட்டினேன். வேனின் பின்பலகையில் வைத்து, நான் விரல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். ஒரு வரி வாசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரன் நீட்டிய தாளை வாசித்துப் பார்ப்பது அவனைச் சந்தேகப்படுவது போல. நானும் வாசிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினேன். பிறகு ஊரடங்கு வந்தது. கல்யாணம் இல்லை, சீர் இல்லை, கடை பூட்டிக் கிடந்தது. தவணை நின்றது. போனில் கூப்பிட்டு மரியாதை இல்லாமல் பேசினார்கள். கடைசியில் இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம் பாக்கி என்று ஒரு தாள் வந்தது, கூடவே சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு அழைப்பும் வந்தது.

அந்த நாளை நான் மறக்க மாட்டேன். தூத்துக்குடியில் மொத்தக் கடைக்காரனிடம் பித்தளை எடை போடும்போது எப்படிப் பேசுவேனோ அப்படிப் பேசினேன். எண்பதாயிரத்தில் ஆரம்பித்தேன். முடியாது என்றதும் எழுந்து வாசல்வரை நடந்தேன். கூப்பிட்டார்கள். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். மறுபடி கூப்பிட்டார்கள். கடைசியில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குப் படிந்தது. என் பெண்டாட்டி ஜெபராணியின் நகையை அடகு வைத்துக் கட்டினேன். ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் லாபம்! திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன். எங்கள் சபையில் காணிக்கைக் கவரின் மேல் காரணத்தை எழுதிக் கொடுத்தால், ஆராதனையில் குருவானவர் அதை எல்லோர் முன்னாலும் வாசிப்பார். வாசித்தார். "வேதமுத்து, ஜெபராணி குடும்பத்தார், வங்கிக் கடனிலிருந்து கர்த்தர் விடுதலை தந்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை ரூபாய் ஆயிரத்தொன்று." சபை முழுவதும் ஆமென் சொன்னது. ஜெபராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு வரிசைக்குப் பின்னால் ஹெப்ரானும் டார்லினும் இருந்தார்கள். அவர்களும் ஆமென் சொல்லியிருப்பார்கள்.

அதற்கு மூன்று மாதம் கழித்து, சொந்தமாக ஒரு லோடு வேன் வாங்க ஹெப்ரான் கடன் கேட்டுப் போனான். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜெபராணி வந்து வருத்தமாகச் சொன்னாள்.

"பாவம், ஏன்னே தெரியலையாம். அவரு ஒருத்தருக்கும் ஒத்த ரூவா பாக்கி வச்சதில்ல."

"டிரைவருக்குக் கடன் குடுக்க வங்கிக்காரன் என்ன கேணயனா? அகலக்கால் வைக்கக் கூடாது" என்றேன். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுவாரம் அவன் கையில் ஒரு கற்றைத் தாள் இருந்தது. அது கடன் அறிக்கை என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது; வருடத்துக்கு ஒரு தடவை காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாமாம். நம் பெயரில் உள்ள கடன் எல்லாம், எந்த மாதம் கட்டினோம், எந்த மாதம் விட்டோம் என்பது எல்லாம் அதில் வந்துவிடுமாம். லோடு வர நேரமாகிவிட்டால் வேனில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பான். கையெழுத்துப் போட்டபோது வாசிக்காதவன் இப்போது என்னத்தை வாசிக்கிறான் என்று நினைத்தேன். என்ன அது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அப்புறம் அவன் செய்ததெல்லாம் எனக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. வங்கியில் இருபத்தையாயிரம் ரூபாயை வைப்பாகப் போட்டு, அதன்மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினான். அவன் பணத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு அவர்களிடமே கடன் வாங்குகிறான்! அந்தக் கார்டில் டீசல் மட்டும் போடுவான். மாதம் நான்காயிரத்துக்கு மேல் போகாது. முழுப் பணத்தையும் கெடு நாளுக்கு முன்னாலேயே கட்டிவிடுவான். கேட்டதற்கு, "கணக்குல நல்ல பேரு வரணும்லா அண்ணாச்சி, அதுக்குத்தான். பைய வரும்" என்றான்.

மாதம் மூன்றாம் தேதி காலையில் அவன் போனில் அலாரம் அடிக்கும். ஒரு தடவை பிரசங்கத்தின் நடுவில் அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டு வந்தான்.

ஞாயிறு தவிர எல்லா நாளும் வண்டி ஓட்டினான். சம்பளத்துக்கு ஓட்டியது போக, திருநெல்வேலி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் லோடும் எடுத்தான். ஆனால் வீட்டில் ஒன்றும் சேரவில்லை. இரண்டு கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி இல்லை. டார்லின் கழுத்தில் கிடந்த செயினைக் காணோம். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தோடு நிற்கவும் இல்லை. பஜாரில் நாலு பேர் இருக்கும்போது, "இவ்வளவு ஓட்டுதான், பணம் எங்க போவுது? சீட்டாடுதானோ என்னமோ" என்று சொல்லி வைத்தேன். அது ஊரெல்லாம் சுற்றி ஜெபராணி காதுக்கே வந்தது. யார் சொன்னதோ என்று நானும் அவளோடு சேர்ந்து ஆச்சரியப்பட்டேன்.

இதற்கு நடுவில் எனக்கு ஒன்று நடந்தது. திருநெல்வேலியில் ஒரு கடையில் தவணைக்குப் பிரிட்ஜ் வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், ஒங்க பேருல ஒரு லோன் செட்டில்டுன்னு காட்டுது. தவணைக்குக் குடுக்க முடியாது" என்றாள். முடிந்துபோன கடன்தானே என்றேன். முழுசாகக் கட்டி முடித்தால் வேறு மாதிரி எழுதுவார்களாம். பாதிக்குப் பேசி முடித்தால், மிச்சத்தை வங்கி நஷ்டமாக விட்டது என்று நம் பெயருக்கு நேரே வருடக்கணக்கில் நிற்குமாம். நான் அடித்த பேரம் எனக்கே கறையாக ஒட்டியிருக்கிறது. ரொக்கம் கொடுத்து பிரிட்ஜை வாங்கி வந்தேன். ரொக்கத்துக்குத் தள்ளுபடி கிடைத்தது என்று வீட்டில் சொன்னேன். கோயிலில் வாசிக்க வைத்து ஆமென் வாங்கியதை யாரிடம் போய்த் திருத்திச் சொல்வது?

இரண்டாயிரத்து இருபத்துநான்கில் ஹெப்ரானுக்கு வேன் கடன் கிடைத்தது. அடுத்த வருடம் இரண்டாவது வேன். அந்த ஞாயிறு அவனும் காணிக்கை வைத்தான். குருவானவர், "ஹெப்ரான், டார்லின் குடும்பத்தார், ஒரு நன்மைக்காக" என்று வாசித்தார். என்ன நன்மை என்றுகூட எழுதவில்லை. எனக்கு அந்த அடக்கமும் பிடிக்கவில்லை.

"அவருக்கு சிபில் எழுநூத்தி எழுவத்திரெண்டாம். டார்லின் சொன்னா" என்று ஜெபராணி சொன்னாள். அதுவரை அவன் வேனைப் பார்த்து எரிந்தேன், முந்திரிக்கொத்தைப் பார்த்து எரிந்தேன். அன்றிலிருந்து, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனா என்று வங்கிகள் பார்க்கும் அந்த மூன்று இலக்க மதிப்பெண்ணைப் பார்த்து எரிய ஆரம்பித்தேன். லாரியின் பின்னால் எழுநூற்று எழுபத்திரண்டு என்று முடியும் நம்பரைக் கண்டால்கூட எனக்கு ஆகாது.

இப்படி இருக்கும்போதுதான் கட்டடம் விற்பனைக்கு வந்தது.

ஒரு மாதம் சும்மா கழிந்தது. ஹெப்ரானிடம் போகக் கூடாது, வங்கிக்கும் போக முடியாது. கடைசியில் ஜெபராணி, "கேட்டாத்தானே தெரியும், போங்க" என்று சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். எங்கள் ஊர் வங்கியில் மேலாளர் மும்தாஜ் பேகம். என் கடையில் பாத்திரம் வாங்குகிறவர்கள்தான். அவர்களுக்கு முன்னால் அவமானப்படப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே பான் அட்டையை நீட்டினேன்.

அவர்கள் திரையைப் பார்த்தார்கள். "எழுநூத்தி இருவத்திநாலு இருக்கு அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கு" என்றார்கள்.

"என்னுதுதானா அது? நல்லாப் பாருங்கம்மா."

"ஒங்களுதுதான். நகைக்கடன் எல்லாம் தேதி தப்பாம திருப்பியிருக்கிய. பாளையங்கோட்டைல ஒரு பழைய கடன் தடுமாறியிருக்கு. ஆனா அதையும் முழுசா கெட்டி முடிச்சதா போட்டிருக்காங்களே. மிச்சத்த நீங்க பொறவு கெட்டிட்டியல்லா?"

நான் தலையை ஆட்டினேன். யாரோ கம்ப்யூட்டரில் தப்பாகத் தட்டியிருக்கிறார்கள், அது எனக்குச் சாதகமாக விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். மனசுக்குள் ஒரு துள்ளல். இன்னொரு ஆயிரத்தொன்று வைக்க வேண்டும் என்றுகூட யோசித்தேன். அந்தப் பழைய கடன் முடிந்ததற்கான சான்றிதழை மட்டும் வாங்கி வரச் சொன்னார்கள்.

மறுநாளே பாளையங்கோட்டைக்குப் போனேன். அங்கே பாக்கியசீலன் என்ற எழுத்தர் என் கணக்கு எண்ணைத் தட்டி, சான்றிதழோடு கணக்கு விவரத்தையும் அச்சடித்துக் கொடுத்தார். நின்றபடியே பார்த்தேன். நான் கட்டிய ஒரு லட்சத்து இருபதாயிரத்தோடு கணக்கு நிற்கவில்லை. அதற்குக் கீழே இன்னும் வரிகள் இருந்தன. ஆறாயிரம். ஐயாயிரம். ஆறாயிரம். ஒரு மாதம் பன்னிரண்டாயிரம். இருபத்தெட்டு வரிகள். கூட்டினால் ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம். ஒவ்வொன்றும் மூன்றாம் தேதி. ஒவ்வொன்றுக்கும் நேரே, "செலுத்தியவர்: ஜாமீன்தார் ஹெப்ரான்."

"அவர நல்லா ஞாபகம் இருக்கு சார்" என்றார் பாக்கியசீலன். "முழுசும் கெட்டின பொறவும் ரிப்போர்ட்டுல பழைய மாதிரியே நின்னுச்சு. மாத்திக் குடுங்கன்னு நாலு தடவ கடுதாசி எழுதி, ரசீது எல்லாம் சேத்துக் குடுத்தாரு. அதுக்குப் பொறவுதான் சரியாச்சு."

டார்லின் கழுத்தில் காணாமல்போன செயின் எனக்கு ஞாபகம் வந்தது. அது அடகுக்குப் போனது பன்னிரண்டாயிரம் கட்டிய மாதமாக இருக்கும்.

வெட்கப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். முதலில் வந்தது கோபம். நேரே அவன் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். தாளை வேனின் பின்பலகையில் வைத்தேன்.

"என்ன வே இது? என்னக் கேக்காம என் கடன நீரு எப்படிக் கெட்டலாம்?"

அவன் ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் தாளைப் பார்த்தான். "ஒங்க கடனையா கெட்டினேன் அண்ணாச்சி? என் கையெழுத்துக்குக் கெட்டினேன். வேனுக்குக் கடன் கேக்கப் போனா, 'நீ ஜாமீன் போட்ட கடன் பாதில நிக்கி'ன்னு சொல்லிட்டாங்க. ஒங்க பேருல இருந்தது அப்படியே என் பேருலயும் இருந்துச்சு. வேற வழியில்ல."

அவனுக்குக் கடன் கிடைக்காத அன்று நான் சாப்பிட்ட தோசை ஞாபகம் வந்தது. "அத எங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன?" என்றேன்.

அதற்கு உள்ளே இருந்து வந்த டார்லின்தான் பதில் சொன்னாள். "எப்படி அத்தான் சொல்ல? கோயில்ல ஸ்தோத்திரம் வாசிச்சாச்சு. சபையே ஆமென் சொல்லிச்சு. அக்கா அழுதா. அது விடுதலை இல்ல அத்தான், அது எங்க தலைல விழுந்துட்டுன்னு வந்து சொல்லச் சொல்லுதியளா?"

நான் வேனின் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். ஈரமாக இருந்தது. எழுந்திருக்கவில்லை.

"நீரு சீட்டாடுதீருன்னு ஊர்ல சொன்னது நாந்தான் வே" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றான் ஹெப்ரான்.

அதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். டார்லின் காபி கொண்டுவந்து வைத்தாள். கடைசியில், மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். "என் கடைக் கட்டடத்த நீரு வாங்கப் போறீரா?"

"எதுக்கு? அதுல நான் என்ன செய்ய?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேன் நிப்பாட்ட சீவலப்பேரி ரோட்டுல எடம் பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. ஒங்க கட்டடம் விக்கிதுன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

ஒரு மாதமாக நான் தூங்காமல் கிடந்தது எதற்கு? என் கடையின் மேல் அவனுக்கு ஆசைகூட இல்லை. எனக்கு அதுவும் வலித்தது.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வான், நானும் இரண்டு தடவை வற்புறுத்திவிட்டு விட்டுவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் எண்ணம் ஓடியது. பேரம் பேசிப் பழகிய புத்தி. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "சரி அண்ணாச்சி. மாசம் ஆறாயிரம் குடுங்க. செயின மீட்டணும்" என்றான். இந்தத் தடவை நான் எழுந்து வாசல்வரை நடக்கவில்லை.

சான்றிதழைக் கொடுத்ததும் இரண்டு வாரத்தில் கடன் கிடைத்தது. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது கட்டடம் என் பெயருக்குப் பதிவானது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காணிக்கைக் கவரை எடுத்து வைத்துக்கொண்டு, மேசையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கட்டடம் கிடைத்ததற்காக என்று எழுதினால் போதும், பொய்யும் இல்லை. ஜெபராணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன். அவள் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து அவளிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு அவளே கவரை ஒட்டினாள்.

கோயிலில் குருவானவர் அந்தக் கவரை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை பார்த்தார். பிறகு வாசித்தார். "வேதமுத்து, தான் கட்டாமல் விட்ட வங்கிக் கடனைத் தன் சகலை ஹெப்ரான் கட்டி முடித்ததற்காக, ஸ்தோத்திரக் காணிக்கை ரூபாய் ஆயிரத்தொன்று."

உடனே யாரும் ஆமென் சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ ஒரு பெண் முதலில் சொன்னாள். அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். போன தடவை எனக்குச் சொன்னதைவிடச் சத்தமாகத்தான் சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கூட்டம் முழுவதும் ஹெப்ரானைச் சுற்றி நிற்கிறது. பஜாரில் சீட்டாட்டக் கதையைக் கேட்டுத் தலையாட்டிய நாலு பேரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். மாமியார் அவன் தலையைத் தடவிக் கொடுக்கிறார்கள். எழுதியது நான், காணிக்கை வைத்தது நான், என் பக்கத்தில் ஜெபராணியைத் தவிர ஆள் இல்லை. அப்போதும் எனக்கு எரிந்தது. என்னதான் ஆனாலும் அவன் எழுநூற்று எழுபத்திரண்டு, நான் எழுநூற்று இருபத்துநாலு.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். முகம் வெட்கத்தில் சிவந்திருந்தது. "மூணாந்தேதிக்கு அலாரம் வச்சிட்டியளா அண்ணாச்சி?" என்றான்.

வைத்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.